கட்ட நிழலுக்கு ஓர் அஞ்சலி

வல்லம் வடகால் சிப்காட்டைச் சுற்றியுள்ள உலோகச் சோதனைக்கூடங்களில் எங்களோடு நெடுநாள் இருந்த ஒன்று மறைந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்தால் கோரைப்பாய் முடைசல் மாதிரி தெரியுமே, அந்தக் கட்ட நிழல்.

லென்ஸும் விளக்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. பார்வை வட்டத்தின் நடுவில் வெளிச்சம் தூக்கலாக இருக்கும், ஓரத்தில் குறையும். ஒற்றைப் படத்தில் கண் இதைப் பொருட்படுத்தாது. வெல்டிங் வெட்டுமுகம் ஒன்றை முழுசாகக் காட்டப் பல படங்களை அடுக்கும்போதுதான் ஓரமெல்லாம் கறுத்துக் கட்டம் எழும். விளக்கொளியைச் சீராகப் பரப்பும் முறையை 1893-இலேயே ஆகஸ்ட் கோலர் சொல்லிவிட்டார். பல்பை நடுவில் நிறுத்தி டயஃப்ரத்தைச் சரிசெய்தால் நிழல் பெரும்பாலும் அடங்கும். மிச்சத்தைத் தீர்த்தது கணக்கு: அமிலம் படாமல் பாலிஷ் மட்டும் போட்ட சாம்பிளை ஃபோகஸ் சற்றே விலக்கிப் படமெடுத்து, மற்றப் படங்களை அதால் வகுக்க வேண்டும். 2017-இல் வந்த ‘பேசிக்’ போன்ற முறைகளுக்கு அந்த வெற்றுப் படமும் தேவையில்லை. எல்லாப் படங்களுக்கும் பொதுவான நிழலைத் தாமே கண்டுபிடித்து நீக்கிவிடும்.

இந்த நிழல் உலோகத்தோடு நிற்பதில்லை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட ‘தரணி’ என்ற படத்தொகுப்பு, கருச்சிசுக்களின் மூளையைச் சாயமேற்றிய 5,132 வெட்டுகளில் காட்டுகிறது. அப்படியொரு வேலையில் ஓர நிழல் தங்கினால் எது சாயம், எது நிழல் என்று யார் பிரித்துச் சொல்வது? போகவேண்டியதுதான்.

ஆனாலும் அது நமக்காக ஒரு வேலை பார்த்தது. ஒவ்வொரு கட்டத்திலும் வலப்பக்கம் மட்டும் கறுத்தால் பல்பு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். “அண்ணா, லைட் சாஞ்சிருக்கு” என்று டிரெய்னிப் பிள்ளைகள் திரையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இப்போது சாய்ந்த விளக்கிலும் படம் சமமாகவே வருகிறது. விளக்கைத் திறந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது.

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கார்பன் ஏற்றிய கியர் பல்லை நைட்டால் என்ற அமிலக் கரைசலில் அரித்தால், மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக நிறம் மெல்ல மாறும். மொத்தக் கேஸ் டெப்த்தை, அதாவது கார்பன் ஏறிய ஆழத்தை, கண்ணால் மதிப்பிடுவது அந்த மாற்றத்தை வைத்துத்தான். பல்லின் ஓரத்தில் மட்டும் எடுத்த நாலைந்து படங்களைக் கொடுத்தால், வெற்றுப் படமில்லாமல் திருத்தும் மென்பொருள் இந்த நிறமாற்றத்தையும் நிழல் என்றே எடுத்துக்கொண்டு சமப்படுத்திவிடும். மூலப் படங்களைச் சேமிக்காத கூடத்தில், கழிந்தது விளக்கின் நிழலா, எஃகின் நிறமா என்று திரும்பிப் பார்க்க வழியே இல்லை.