தீயில் மறையும் உலோகம்

உலோகங்களின் கதை – 9

சென்ற வாரம் ஈயத்தோடு நிறுத்தினோம். பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், ஈயம், இரும்பு, பாதரசம் என்று பழைய உலகம் அறிந்திருந்த ஏழு உலோகங்களும் அத்தோடு முடிந்தன. அடுத்து வருவது துத்தநாகம். பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிடத் துத்தநாகம் அதிகம். பல சுரங்கங்களில் இரண்டும் ஒரே பாறையில்தான் கலந்து கிடக்கின்றன. ஆனாலும் ஈயம் கைக்கு வந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் துத்தநாகம் வந்தது. பாறையை உடைத்தவன் கையில் தாது இருந்தது, உலையில் நெருப்பும் இருந்தது. அப்புறமும் உலோகம் ஏன் அகப்படவில்லை?

பாறையிலிருந்து உலோகம் எடுப்பது என்றால் பெரும்பாலும் ஆக்சிஜனிடமிருந்து உலோகத்தைப் பிடுங்குவது. துத்தநாக அணு தன் வெளிக்கூட்டில் உள்ள 2 எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிட்டு அதனோடு பிணைந்து கிடக்கிறது. கரியைச் சேர்த்துச் சூடேற்றினால், கரி அந்த ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போய்விடும். எலக்ட்ரான்கள் உலோகத்துக்கே திரும்பிவரும். செம்பு ஆக்சிஜனைத் தளர்வாகப் பிடித்திருப்பதால் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். இரும்பு அவ்வளவு எளிதில் விடாது. துத்தநாகம் இரும்பைவிடவும் இறுக்கம். பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லும் வினைத்திறன் வரிசையை ஒருமுறை தலைகீழாகப் படித்துப் பாருங்கள். மனிதன் உலோகங்களைக் கண்டெடுத்த வரிசைக்கு ஏறக்குறைய ஒத்துவரும். வேதியியல் ஆசிரியர்கள் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு அந்தப் பட்டியல் மறந்திருக்காது.

ஆனால் துத்தநாகத்தின் சிக்கல் இறுக்கம் மட்டும் அல்ல. செம்போ ஈயமோ உலையில் பிரிந்ததும் உருகி அடியில் தேங்கும். உலையைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். கரி அதைத் தாதுவிலிருந்து பிரிக்கவோ ஏறக்குறைய 1,000 டிகிரி வேண்டும். ஆகவே பிறக்கும்போதே அது ஆவி. ஒற்றை ஒற்றை அணுவாக மேலே எழும்; புகைப்போக்கியில் காற்றைத் தொட்டவுடன் மறுபடியும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். பழங்கால உலைக்காரன் அந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்துக் கண் மருந்துக்கு விற்றான். உலைக்குள் ஒரு உலோகம் வந்துபோனது அவனுக்குத் தெரியாது.

பார்க்காமலேயே அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். செம்புத் துண்டுகளையும் துத்தநாகத் தாதுப் பொடியையும் கரியையும் ஒரு மூசையில் அடைத்து மூடிக் காய்ச்சினால், எழும் ஆவி தப்பிக்க வழியின்றிச் செம்புக்குள் நுழைந்துவிடும். தனிம வரிசையில் செம்பு 29, துத்தநாகம் 30, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அணுக்களின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லாததால், செம்பின் வரிசைக்குள் துத்தநாகம் இடம் பிடித்துக்கொள்கிறது. செம்பு மஞ்சளாகிப் பித்தளை ஆகிறது. ரோமானியர் இந்த முறையில் பித்தளை செய்து நாணயமே அடித்தார்கள். அந்தத் தாது மண்ணுக்கு மஞ்சள் நிறம் ஏற்றும் குணம் உண்டு என்றுதான் அன்றைய எண்ணம்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு தாது போட்டாலும் பித்தளையில் துத்தநாகம் ஏறக்குறைய 28 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதற்கு மேல் இருந்தால், உலோகத் துத்தநாகத்தையே எடுத்துச் செம்போடு கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தட்சசீலத்தின் பீர் மேட்டில் கிடைத்த ஒரு பித்தளைக் கலத்தில் 34 சதவீதம் இருந்தது. ஒரே ஒரு கலத்தை வைத்துக்கொண்டு பெரிய கோட்டை கட்ட முடியாது. கோட்டை கட்டும் அளவுக்குச் சான்று கிடைத்த இடம் வேறு.

ராஜஸ்தானில் உதய்பூருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஆரவல்லி மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஜாவர். திடி என்ற சிற்றாறு ஓடுகிறது. மோச்சியா, ஜாவர் மாலா என்று மலைகள். அவற்றின் வயிற்றில் கிறிஸ்துவுக்கு முன்பிருந்தே வெட்டப்பட்ட சுரங்கங்கள். பாறைமேல் நெருப்பு மூட்டிச் சூடாக்கி விரிசல் விடச் செய்து உடைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மர ஏணிகளும் சாரங்களும் உள்ளே இருந்து கிடைத்தன. வெளியே, ஆற்றங்கரை நெடுகக் குப்பை மேடுகள். ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் நீளமுள்ள மண் உருளைகள், கத்தரிக்காய் வடிவம், வெளிப்புறம் கண்ணாடிபோல் உருகி இறுகியவை, லட்சக் கணக்கில். பழைய ஜாவர் ஊரார் அவற்றைச் செங்கல் மாதிரி அடுக்கி வீட்டுச் சுவரே எழுப்பினார்கள். பலகாலம் அறிஞர்கள் கண்ணில் அவை வெறும் குப்பையாகவே இருந்தன.

1980களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகம், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் மூன்றும் சேர்ந்து அங்கே தோண்டின. பால் கிராடக், கே.டி.எம். ஹெக்டே ஆகியோர் அந்தக் குழுவின் முக்கியமானவர்கள். 1983இல் மண்ணுக்கடியில் உலைகள் சிதையாமல் வரிசையாகக் கிடைத்தன. சில உலைகளில் கடைசித் தடவை ஏற்றிய அதே மண் உருளைகள், அதாவது குடுவைகள், அப்படியே நின்றன. உலோக வரலாற்றுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை.

உலை இரண்டு அடுக்கு. மேலே நெருப்பு அறை, கீழே குளிர்ந்த அறை. நடுவே துளையிட்ட சுட்ட மண் பலகைகள் 4. நம் வீட்டு இட்லித் தட்டு ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பலகையிலும் 9 பெரிய துளைகள், சாம்பல் இறங்கவும் காற்று ஏறவும் சிறு துளைகள். ஆக உலைக்கு 36 குடுவைகள். இப்படி 7 உலைகள் ஒட்டி ஒட்டி நின்றதால் ஒரு தடவைக்கு 252 குடுவைகள் ஏறின.

வேலையின் நுட்பமெல்லாம் குடுவைக்குள் இருந்தது. தாது இங்கே கந்தகத்தோடு சேர்ந்த துத்தநாகம். முதலில் அதைத் திறந்த வெளியில் வறுத்துக் கந்தகத்தைப் புகையாக விரட்டினார்கள். மிஞ்சியது துத்தநாக ஆக்சைடு. அதைக் கரியோடும் டோலமைட் பொடியோடும் உப்போடும் பிசைந்து சிறு உருண்டைகளாக உருட்டிக் குடுவைக்குள் நிரப்பினார்கள். பொடியாகப் போட்டால் அமுங்கிக்கொண்டு ஆவிக்கு வழி இருக்காது. உருண்டை என்றால் இடைவெளி கிடைக்கும். பிறகு புனல் மாதிரி ஒரு மண் கழுத்தைக் குடுவையின் வாயில் ஒட்டினார்கள். இப்போது குடுவையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், உருண்டைகள் கொட்டிவிடாதா? அதற்காகக் கழுத்தில் ஒரு குச்சியைச் செருகினார்கள். கவிழ்க்கும்போது குச்சி தாங்கிக்கொள்ளும். உலை சூடேறும்போது குச்சி எரிந்து கரியாகும். அதற்குள் உருண்டைகள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிவிடும். குச்சி இருந்த இடம் ஆவி இறங்கும் வழியாகிவிடும். எத்தனை தடவை உருண்டைகள் கொட்டிக் கெட்ட பிறகு இந்தக் குச்சி யாருக்குத் தோன்றியதோ! இந்தத் தொழில்நுட்பம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மேலே நெருப்பு 1,100 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் எரியும். குடுவைக்குள் கரி ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடு ஆகும்; அந்த வாயு குடுவையை நிரப்பிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. மேல்பக்கம் மூடியிருப்பதால் துத்தநாக ஆவி கழுத்து வழியாகக் கீழேதான் இறங்க வேண்டும். பலகைக்கு அடியில் வெப்பம் குறைவு. ஆவி அங்கே திரவமாகி, அடியில் வைத்த சிறு கலங்களில் சொட்டும். அதாவது தப்பி ஓடும் உலோகத்தைத் துரத்திப் பிடிக்கவில்லை. அது ஓடும் திசையையே மாற்றிவிட்டார்கள்.

பழைய ரசவாத நூலான ரசரத்ன சமுச்சயத்தில் இதே கத்தரிக்காய் வடிவ மூசையும், ஊமத்தம்பூ போன்ற குழாய்க் கழுத்தும் வருகின்றன. கிடைக்கும் உலோகம் வெள்ளீயம் போல் இருக்கும் என்ற குறிப்பும் உண்டு. நூலில் இருந்தது ஒரு மருத்துவனின் மூசை. ஜாவரில் இருந்தது தொழிற்சாலை. இரண்டுக்கும் நடுவே நிற்பவன் குயவன் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒவ்வொரு குடுவையும் ஒரே தடவைக்குத்தான். உடையாமல், உருகிவிடாமல், ஆவி கசியாமல் ஒரே அளவில் ஆயிரக் கணக்கில் குடுவை செய்யும் கைகள் இல்லாவிட்டால் உலைக்காரனின் அறிவு ஏட்டோடு நின்றிருக்கும்.

அக்பர் காலத்து அயினி அக்பரி, சாஸ்திர நூல்களில் சொல்லப்படாத இந்த உலோகத்துக்கு அஜ்மீர் சுபாவில் ஒரு சுரங்கம் இருப்பதாகக் குறிக்கிறது. பீதர் நகரத்துப் பித்ரி வேலைப்பாட்டின் கருமையான உடல் பெரும்பகுதி துத்தநாகம்தான். அப்படியும், ஜாவர் அடங்கிய மேவாரின் வரலாற்றை எழுதிய கர்னல் டாட், ஜாவரில் எடுத்தது வெள்ளீயம் என்று எழுதிவிட்டார்.

சீனர்களும் தனியாக ஒரு வழி கண்டார்கள். அவர்கள் குடுவையில் ஆவி மேலே எழுந்து மூடிக்கு அடியில் குளிர்ந்து சேரும். 1637இல் சாங் யிங்சிங் எழுதிய நூலில் அதற்கு விளக்கம் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் அந்தத் துத்தநாகத்தைக் கட்டிகளாக ஏற்றிப் போயின. 1745இல் கான்டனிலிருந்து திரும்பி, சொந்தத் துறைமுகத்து வாசலிலேயே மூழ்கிய யோத்தபோரி என்ற சுவீடன் கப்பலிலிருந்து 1872இல் எடுத்த கட்டிகள் ஏறக்குறைய 99 சதவீதத் தூய்மையோடு இருந்தன.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் 1738இல் துத்தநாகம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய மூசைக்கு அடியில் இரும்புக் குழாய். குழாய் கீழே குளிர்ந்த அறைக்குள் இறங்கியது. மேலே நெருப்பு, கீழே குளிர்ச்சி, ஆவிக்கு ஒரே வழி கீழ்நோக்கி! சீன முறை இப்படி அல்ல. ஜாவர் முறை இதுவே. கிழக்கிந்தியக் கப்பல்களில் போய்வந்த யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அதை நிரூபிக்க ஒரு கடிதமோ கணக்கேடோ இல்லை. சான்று இல்லாமல் திருட்டுப் பட்டம் கட்டுவது வரலாறு எழுதுவது ஆகாது. 1746இல் பெர்லினில் மார்க்ராஃப் மூடிய கலத்தில் தாதுவையும் கரியையும் காய்ச்சித் துத்தநாகத்தைப் பிரித்தார். பாடப் புத்தகங்களில் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர்தான் நின்றது.

அப்போதும் ஜாவரில் உலைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. பிறகு மேவாரில் போர்களும் கொள்ளைகளும். 1812–13 பஞ்சத்தோடு சுரங்க வேலை நின்றது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் அந்த மலைகள் சும்மா கிடந்தன. 1940களில் சுரங்கம் மீண்டும் திறந்தது; 1966இல் ஹிந்துஸ்தான் ஜிங்க் அரசு நிறுவனமாக உருவாயிற்று; 1968இல் உதய்பூர் அருகே தேபாரியில் ஆலை ஓடத் தொடங்கியது. அங்கும் முதல் வேலை தாதுவை வறுப்பதுதான். ஆனால் கந்தகப் புகையைக் காற்றில் விடாமல் பிடித்துக் கந்தக அமிலம் ஆக்கினார்கள். வறுத்ததை அமிலத்தில் கரைத்து மின்சாரம் செலுத்தினால், அலுமினியத் தகட்டின்மேல் துத்தநாகம் படியும், உரித்து எடுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரானைக் கரியிடமிருந்து வாங்காமல் மின்கம்பியிலிருந்தே நேராக வாங்கியாயிற்று. கொதிக்கவைக்கும் வேலையே இல்லை.

(தொடரும்)