பணத்தாள் பாதுகாப்பு

பணத்தாள் பாதுகாப்பு என்பது சேகரிப்பாளர்கள் தம்மிடமுள்ள பழைய பணத்தாள்களை அவற்றின் இயல்பு கெடாமல் வீட்டில் பேணும் முறைகளைக் குறிக்கும். ஒரு பணத்தாளின் சேகரிப்பு மதிப்பு, அது எவ்வளவு அரிது என்பதோடு அதன் நிலையையும் பொறுத்தது. கெட்ட நிலையை மீட்க இயலாது என்பதால், பழுது நேராமல் காப்பதே முதன்மையானது.

தாளும் சூழலும்

இந்திய ரூபாய்த் தாள்கள் பருத்தி இழைகளால் ஆனவை. இவை மரக்கூழ்த் தாளை விட உறுதியானவை. எனினும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ஈரப்பதம் மிகுந்தால் பூஞ்சை படரும். மிகக் குறைந்தால் தாள் நொறுங்கும் தன்மை பெறும். ஏறத்தாழ 50 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. கடலோர ஊர்களில் இதைப் பேணுவது கடினம் என்பதால், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் வைக்கப்படுகின்றன. வெயில் மையை மங்கச் செய்யும். இராமபாணப் பூச்சி தாளை அரிக்கும்.

இலங்கை 1998 இல் வெளியிட்ட 200 ரூபாய் போன்ற பாலிமர்த் தாள்கள் ஈரத்தைத் தாங்கும். ஆனால் கடும் வெப்பத்தில் சுருங்கிவிடும்.

உறைகள்

மலிவான பிவிசி உறைகளே பரவலாகக் காணப்படும் கேடு. அவற்றை மென்மையாக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் நாளடைவில் கசிந்து, தாளைப் பிசுபிசுப்பாக்கும்; மையையும் கரைக்கும். பாலியெஸ்டர் (மைலார்) உறைகள் வேதி வினை புரியாதவை. உறைக்கு ஒரு தாளாக, மடிக்காமல் வைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

* லேமினேசன் செய்தலும் ஒட்டுநாடா ஒட்டுதலும். இவற்றைத் தாளுக்குச் சேதமின்றி நீக்குவது அரிது.
* கழுவுதலும் இஸ்திரி போடுதலும். இவற்றால் மேடெழுந்த அச்சு தட்டையாகும்.
* இரப்பர் வளையம், குண்டூசி ஆகியவற்றின் பயன்பாடு.

இந்திய வங்கிகள் முன்பு பணக்கட்டுகளைக் கம்பியால் தைத்து வந்தன. 2001 இல் இந்திய ரிசர்வ் வங்கி இவ்வழக்கத்தை நிறுத்துமாறு பணித்தது. எனவே அதற்கு முந்தைய புழங்காத தாள்களிலும் ஊசித்துளைகள் இருக்கலாம். அவற்றை அடைக்க முயலக் கூடாது.

சட்ட வரம்பு

2016 நவம்பர் 8 அன்று செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய்த் தாள்களை வைத்திருப்பதற்கு 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதிக்கிறது. பொதுவாக மொத்தம் 10 தாள்கள் வரையிலும், கல்வி, ஆய்வு, நாணயவியல் ஆகியவற்றுக்காக 25 தாள்கள் வரையிலும் வைத்திருக்கலாம். மீறினால் 10,000 ரூபாய் அல்லது தாள்களின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கப்படலாம்.