சூயஸ் கரையும் பாலாற்றங்கரையும்

1956ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள். சூயஸ் கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டி வந்த ஐரோப்பிய மாலுமிகளுள் பெரும்பாலோர் பெட்டி படுக்கையோடு வெளியேறினர். இனிக் கால்வாய் அடைபடும், கப்பல்கள் தரைதட்டும், எகிப்தியர் கைகட்டி வந்து நிற்பர் என்று இலண்டனும் பாரிசும் எதிர்பார்த்தன. நடந்தது என்ன? எகிப்திய வழிகாட்டிகளும், வெளியேற மறுத்த கிரேக்கர் சிலரும் இரவு பகல் பாராது உழைத்தனர். மகமூது யூனிசு என்னும் பொறியாளர் முன்னின்று நடத்தினார். கப்பல்கள் சென்றன!

1869இல் திறக்கப்பட்ட அக்கால்வாயை வெட்டத் தொடங்கிய காலத்தில், எகிப்திய உழவர்கள் பல்லாயிரவர் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 1875இல் மன்னர் இசுமாயில், கடன் சுமை தாளாது, தம் பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்கு ஆங்கிலேயரிடம் விற்றார். மண் சுமந்தவன் எகிப்தியன். சுங்கம் எண்ணியவன் வெள்ளையன்.

1956 சூலை 26இல் அந்நிலையை மாற்றியவர் கமால் அப்துல் நாசர். அவருடைய வீரத்தைப் புகழ்வோர் பலர். கணக்கறிவைக் கண்டோர் சிலரே. கால்வாயை நாட்டுடைமையாக்கிய அதே ஆணையில், பங்குதாரருக்கு ஈட்டுத்தொகை தருவதாக அவர் உறுதி கூறினார். 1958இல் அதற்கு உடன்பாடும் ஏற்பட்டது. வீரமுழக்கம் கூட்டத்தைக் கூட்டும், கப்பலை நகர்த்தாது. கப்பலை நகர்த்தத் தேர்ந்த கை வேண்டும், பொறுப்பான பேச்சு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆலங்காயத்துப் பள்ளியில் இதனை விளக்கிய அன்று, ஒரு மாணவன் எழுந்து, “நம் பக்கத்தில் இப்படி எதுவும் நடக்கவில்லையா, ஐயா?” என்றான். தோழர்களே, நடந்திருக்கிறது! பீரங்கி முழங்காததால் வரலாற்று நூல்கள் அதனைக் கவனிக்கவில்லை, அவ்வளவே.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் வணிகம் நூறாண்டைக் கடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தோல் இங்கு வந்து குவியும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடுவர். அரைப்பதத்தில் அது இலண்டனுக்குக் கப்பலேறும். “கிழக்கிந்தியத் தோல்” என்பது அங்கு அதற்குப் பெயர். மெருகேற்றலும், காலணியாகவும் கையுறையாகவும் தைப்பதும், கொழுத்த இலாபமும் அங்கே. சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் மட்டும் இங்கே.

ஏன் இந்நிலை? அந்நியன் சூழ்ச்சி ஒரு காரணம். நம் சாதிப் புத்தி இன்னொன்று. தோலைத் தொட்டவன் தீட்டு என்று ஒதுக்கி வைத்த நாடு இது; செருப்புக்குத் தீட்டில்லை, செய்தவனுக்குத்தான் தீட்டு! முசுலிம் வணிகர் முதல் போட்டனர்; ஒடுக்கப்பட்ட மக்கள் தொட்டியில் இறங்கி உழைத்தனர். கற்றவர் கூட்டமோ மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நடந்தது. கற்றவர் அண்டாத தொழிலில் ஆராய்ச்சி எங்கிருந்து முளைக்கும்?

1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்தவர், குண்டூர் மாவட்டத்து உழவர் குடியில் பிறந்த நாயுடம்மா. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற அவர், தோலை இழிவாகக் கருதவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் பதனிடும் தொட்டிக்கும் இடையே கிடந்த தொலைவைக் குறைப்பதே தம் வேலை எனக் கொண்டார். அறிவியல் தெரிந்த இளைஞர் ஒரு தலைமுறை அங்கிருந்து புறப்பட்டது. சூயசுக்கு யூனிசின் வழிகாட்டிகள் எப்படியோ, தோலுக்கு இவர்கள் அப்படி.

பின்னரே அரசின் ஆணை வந்தது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1973இல் பதனிடாத தோலின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அரைப்பதத் தோலுக்கு அளவு விதிக்கப்பட்டது. அல்சீரியா 1971இலும் ஈராக் 1972இலும் அயலார் கையிலிருந்த எண்ணெயைத் தம் வசமாக்கிய காலமும் அதுவே. பழைய வணிகத்தில் பழகியோர் முணுமுணுத்தனர். ஆயினும் இருபது ஆண்டுகளுக்குள், முடித்த தோலும் காலணியும் ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. ஆணை முதலில் வந்து, ஆள் பின்னர் உருவாகியிருந்தால், தொட்டிகள் காய்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இத்துடன் நிறுத்திக் கைதட்டலாம். ஆனால் பாலாறு விடாது. குரோமியமும், தோலைக் கெடாது காக்க இட்ட உப்பும் கழிவு நீரோடு கிணறுகளில் இறங்கின. தென்னை பட்டது, குடிநீர் கைத்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்னும் நெறியை இவ்வழக்கில் நிலைநாட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டுத்தொகை தருமாறு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல்!

நாசரின் ஏட்டிலும் இத்தகைய பக்கம் உண்டு. கால்வாய் வருவாயை நம்பி எழுப்பிய அசுவான் உயர் அணை, 1960இல் தொடங்கி 1970இல் முடிந்தது. மின்னொளி தந்தது, வறட்சியைத் தடுத்தது. எகிப்தின் நூபிய மக்கள் சுமார் 50,000 பேர், வழிவழி வாழ்ந்த ஊர்களை நீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினர். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசியோருக்கு நாசர் ஆட்சியில் சிறை காத்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1967 போரில் மூடிய கால்வாய், அவர் மறைந்த பின், 1975 சூனில்தான் மீண்டும் திறந்தது.

பங்குதாரருக்கு ஈட்டுத்தொகை இரண்டே ஆண்டுகளில் முடிவாயிற்று. கிணறு கெட்ட உழவன் வழக்குமன்றப் படியில் தலைமுறைக் காலம் நின்றான். கேள்வி கேட்ட அம்மாணவனுக்கு முதற்பகுதியை மட்டுமே அன்று சொன்னேன், மணி அடித்துவிட்டது. அவன் அக்கை ஆம்பூரில் காலணி தைக்கிறாள். தந்தை பயிரிட்ட நிலத்தில் நீர் கைக்கிறது. மறுநாள் மீதியைச் சொன்னபோது, அவனுக்கு அது புதுச் செய்தியாக இல்லை.