பண்ணை வீட்டு மணி

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனுக்கு அருகே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது பாபிலோன்ஸ்டோரன். டச்சுக் கம்பெனி ஆட்சியில் 1692இல் பண்ணைக்கென்று வழங்கப்பட்ட நிலம். வளைந்த முகப்பு கொண்ட வெள்ளை எஜமான் வீடு 1777இல் எழுந்தது. 2007இல் கைமாறி, 2010இல் விடுதியாகத் திறந்தார்கள். வீடு, புறாக்கூடு, மணிக்கூண்டு எல்லாம் பழைய அழகோடு நிற்கின்றன.

மணி யாருக்காக அடித்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் கேப் திராட்சைப் பண்ணைகள் அடிமைகளின் உழைப்பில்தான் ஓடின. விடியலையும் வேலை நேரத்தையும் மணிதான் சொல்லும். பெரட்டுக் களத்தில் நின்ற தாத்தா பாட்டிகளின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடிமைகள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா எனப் பல இடங்களிலிருந்து வந்தார்கள். பிறந்த பெயர் போய், ஊர்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. 'வான் பெங்காலன்' என்றால் வங்காளத்து ஆள். 'வான் டி குஸ்ட்' என்றால் கரையிலிருந்து வந்தவர். அந்தக் கரை சோழமண்டலக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தன.

1834 டிசம்பர் 1இல் சட்டப்படி விடுதலை வந்தது. ஆனாலும் 'பயிற்சி' என்ற பேரில் இன்னும் நாலு வருஷம் அதே எஜமானிடம் வேலை.

விடுதியாக்கியதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆளில்லாத வீடு சீக்கிரமே இடிந்துபோகும். சுண்ணாம்பு பூசவும் காசு வேண்டும். முகப்பில் 1777 என்ற ஆண்டு இருக்கிறது. சுவர் எழுப்பியவர்களின் பெயர்களையும் தேடி அதன் பக்கத்தில் எழுதினால்தான் புதுப்பிக்கும் வேலை முடியும்.