பிரசவ அச்சமும் வியன்னா நகரத்துப் படிப்பினையும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கினுள் அடங்கிக் கிடக்கும் அச்சத்தை ஆண்மக்களிற் பலர் உணர்வதில்லை. மாதம் நிறைந்த பெண், இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டு, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்திறந்து சொன்னால், "ஊரில் இல்லாத பிள்ளையையா நீ பெறப்போகிறாய்?" என்று நகைத்து அவள் வாயை அடைத்துவிடுகிறோம். வீட்டிலுள்ள பெரியோர்களோ, "பயந்தால் பிள்ளைக்கு ஆகாது" என்று அவளையே கடிந்துகொள்கின்றனர். இவ்வாறு, அச்சத்தைச் சுமக்கும் அவள் தலையிலேயே குற்றமும் ஏற்றப்படுகிறது. இஃது எத்துணைப் பெரிய பிழை என்பதை விளக்கும் சரித்திரம் ஒன்று உண்டு. அஃது ஆஸ்திரியா தேசத்தின் தலைநகராகிய வியன்னாவில் நிகழ்ந்தது.

அந்நகரத்துப் பொது வைத்தியசாலை 1784-இல் தொடங்கப்பெற்றது. அங்கே பிரசவத்திற்கென இரண்டு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் வைத்திய மாணாக்கரும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். ஒருநாள் வருவோரை ஒரு பகுதியும், மறுநாள் வருவோரை மற்றொரு பகுதியும் ஏற்றுக்கொள்வது வழக்கம். வந்தவர்களோ பெரும்பாலும் ஏழைப் பெண்கள்.

அப்பெண்களுக்கு முதற்பகுதி என்றாலே குலைநடுக்கம். அதன் முறைநாளில் வந்துவிட்டோம் என்று அறிந்தவர்கள், முழங்காலிட்டுக் கைகூப்பி, தங்களை அங்கே சேர்க்க வேண்டாமென்று மன்றாடினர். அதற்கு அஞ்சித் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. 1846-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அவ்வாண்டு முதற்பகுதியில் நிகழ்ந்த பிரசவங்கள் 4,010. மாண்ட தாய்மார் 459 பேர். இரண்டாம் பகுதியில் பிரசவங்கள் 3,754. மாண்டவர் 105 பேர். நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் ஒரு பக்கம். நூற்றுக்கு மூவருக்கும் குறைவாக மறுபக்கம்! கூரை ஒன்று, நகரம் ஒன்று, காற்று ஒன்று; மரணம் மட்டும் வேறு வேறு.

கற்றோர் இதற்குப் பல காரணங்கள் கூறினர். அவற்றுள் ஒன்று, "அப்பெண்கள் அஞ்சுகின்றனர், அவ்வச்சமே பிரசவ ஜுரத்தை உண்டாக்குகிறது" என்பதாம். மரணத் தறுவாயில் இருப்போருக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலியோடு முதற்பகுதியின் அறைகளைக் கடந்து செல்வது வழக்கம். அம்மணியோசை கேட்டு நடுங்கியே மற்றப் பெண்களும் நோயுறுகின்றனர் என்று எண்ணினர்.

அங்கு 1846-இல் உதவி வைத்தியராக அமர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு இளைஞர், இவ்வெண்ணத்தைச் சோதித்தே முடிவு காணத் துணிந்தார். பாதிரியாரைச் சுற்றுவழியாக, மணியொலியின்றி வருமாறு வேண்டிக்கொண்டார். மணி ஓய்ந்தது, மரணம் ஓயவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா என்னும் பேராசிரியர், பிரேத பரிசோதனையின்போது மாணாக்கர் ஒருவரின் கத்தி விரலிற்பட்டு, ஜுரங்கண்டு இறந்தார். அவருடலிற் கண்ட சேதங்கள், பிரசவ ஜுரத்தால் இறந்த தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. பிரேதங்களை அறுத்த கைகளோடு வைத்தியரும் மாணாக்கரும் பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்கோ பிரேத அறையில் வேலையில்லை. உயிர்காக்க வந்த கைகளே நஞ்சைக் கொணர்ந்தன!

அவ்வாண்டு மே மாதம் முதல், பெண்களைப் பரிசோதிக்குமுன் குளோரின் கலந்த நீரிற் கைகழுவ வேண்டுமென்று அவர் விதித்தார். 1848-இல் முதற்பகுதியில் நிகழ்ந்த 3,556 பிரசவங்களில் இறந்த தாய்மார் 45 பேரே. மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் ஒரு தாயேனும் இறக்கவில்லை.

அன்பர்களே, அச்சம் மரணத்தை உண்டாக்கவில்லை. மரணமே அச்சத்தை உண்டாக்கிற்று. எழுத்தறியாப் பெண்கள் முழங்காலிட்டுச் சொன்னது உண்மை. ஏடறிந்தோர் சொன்னதே பொய். ஆயினும், தம் கைகளே குற்றவாளிகள் என்பதை ஒப்புக்கொள்ள வைத்தியர் பலர் மறுத்தனர். செம்மல்வைஸ் 1850-இல் வியன்னாவை விட்டு நீங்கி, 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் தம் 47-ஆம் வயதில் மாண்டார். அந்நோயின் கிருமியைப் பாஸ்டர் 1879-இல் எடுத்துக்காட்டியபோது அவர் உயிரோடில்லை.

அங்ஙனமாயின், அச்சத்தால் தீங்கே இல்லையோ எனின், உண்டு. இங்கிலாந்து வைத்தியர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933-இல் வெளியிட்ட நூலில், அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் நோவை மிகுவிக்கிறது, நோவு மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்று எடுத்துரைத்தார். அவர் கூறியன யாவற்றையும் பின்வந்தோர் ஏற்கவில்லை. எனினும், நிகழப்போவதை முன்னரே விளக்கிச் சொல்லுதலும், தனியே விடாது துணையிருத்தலும் அச்சத்தைத் தணிக்கும் என்பது நிலைபெற்றுவிட்டது. பெண் தானே தேர்ந்த துணையொருவர் பிரசவகாலத்தில் உடனிருத்தல் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனமும் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது.

ஆகவே, அச்சத்திற்கு மருந்து ஏளனமன்று, அதட்டலுமன்று. தோட்டமாயினும் பட்டணமாயினும், கருவுற்ற பெண் "பயம்" என்று சொன்னால், "எதற்குப் பயம்?" என்று அருகிலமர்ந்து கேளுங்கள். முன்னர் ஒரு குழந்தையை இழந்த துயரோ, கேட்ட கதையோ, கடுஞ்சொல் கூறும் ஊழியரோ, உடலில் அவள் உணரும் மாறுதலோ, ஏதேனும் ஒன்று அவ்வச்சத்தின் பின் நிற்கும். வீண் கலக்கமாயின் விளக்கம் தீர்க்கும். மெய்யான ஆபத்தாயின், காலத்தில் வைத்தியரிடம் சேர்ப்பிக்க அவ்வொரு சொல்லே வழிகாட்டும்.

வியன்னாவில் மணியை நிறுத்தியவர்கள் ஒரு தாயையும் காக்கவில்லை. கையைக் கழுவியவர்களே காத்தனர். நம் வீடுகளிலும், பெண்ணின் வாயை அடைப்பதை விடுத்து, நம் கைகள் தூயனவா என்று முதலிற் பார்ப்போமாக.