ஏழரை விநாடியும் 226 நாளும்

பாய்மரப் படகா, மோட்டார் படகா என்று கேட்டால் இலக்கியம் வாசிக்கிற என் நண்பர்கள் யோசிக்காமல் பாய்மரம் என்பார்கள். மோட்டார்னா சத்தம், புகை, அவசரம். பாய்மரம்னா அமைதி, நிதானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1966-67 குளிர்காலத்தில் தண்ணீரில் இறங்கிய இரண்டு இங்கிலாந்துக்காரர்களைப் பற்றிப் படித்த பிறகு இந்தப் பிரிவினையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒருவர் பிரான்சிஸ் சிசெஸ்டர். 1966 ஆகஸ்ட் 27 அன்று, தன் 64ஆம் வயதில், பிளிமத் துறைமுகத்திலிருந்து 'ஜிப்ஸி மாத் 4' என்ற பாய்மரப் படகில் தன்னந்தனியாகக் கிளம்பினார். வழியில் சிட்னியில் மட்டும் நின்று உலகைச் சுற்றி வருவது திட்டம். இன்னொருவர் டொனால்ட் கேம்பெல், வயது 45. ஜெட் எஞ்சின் வைத்த 'புளூபேர்ட் கே7' படகோடு வட இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரிக்கரைக்கு வந்திருந்தார். மணிக்கு 276.33 மைல் என்ற சாதனை ஏற்கெனவே அவருடையதுதான். இப்போது 300 மைலைத் தாண்ட வேண்டும்.

சிசெஸ்டர் நிதானமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கிளிப்பர் கப்பல்களைப்போல 100 நாளில் சிட்னியை எட்டிவிடத் துடித்தார். 107 நாள் ஆனது. அவருக்கும் கடிகாரம்தான் எதிரி.

கேம்பெல்லும் வெறும் அவசரக்காரர் இல்லை. பழுதும் மோசமான வானிலையும் சேர்ந்து நவம்பரிலிருந்து அவரைக் காக்க வைத்தன. சிசெஸ்டருக்குக் காற்று வேண்டும், கேம்பெல்லுக்குக் காற்றே கூடாது. கண்ணாடிபோல அசையாத ஏரி வேண்டும்.

1967 ஜனவரி 4 காலையில் அப்படி ஒரு ஏரி அமைந்தது. இரண்டு திசையிலும் ஓடி, சராசரி எடுத்தால்தான் சாதனை. முதல் ஓட்டத்தில் 297.6 மைல். அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏழரை விநாடி. எரிபொருள்கூட நிரப்பாமல் உடனே திரும்பினார். இம்முறை வேகம் 320 மைலைத் தாண்டியது. படகின் மூக்கு மேலெழுந்தது, படகு கரணமடித்து நொறுங்கியது. கேம்பெல் இறந்துபோனார். காரணம் என்ன என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

சிசெஸ்டருக்கும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. படகைத் தானாகத் திருப்பும் கருவி சிட்னிக்கு 2,000 மைலுக்கு முன்பே உடைந்தது. பாய்களை மாற்றி மாற்றிக் கட்டி, படகு தானே திசை பிடிக்கும்படி செய்தார். சிட்னியை விட்ட மறுநாளே டாஸ்மன் கடலில் படகு கவிழ்ந்து, தானாக நிமிர்ந்தது. உள்ளே சிதறியதை அள்ளி ஒழுங்குபடுத்திவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

226 நாள் கடலோட்டம் முடிந்து 1967 மே 28 அன்று பிளிமத்தில் கரையேறினார். கேம்பெல்லின் உடல் ஏரியிலிருந்து கிடைத்ததும் ஒரு மே 28தான். ஆனால் அது 2001இல்.

கேம்பெல்லின் மோகத்தை என்னால் மட்டமாகப் பேச முடியாது. அதே ஏரியில் 1939இல் அவர் அப்பா மால்கம் 141.74 மைல் வேகத்தில் சாதனை வைத்தவர். ஒரு மனிதன் தன் முழு வாழ்க்கையையும் ஏழரை விநாடிக்குள் வைத்துப் பார்க்கிறான் என்றால், அந்த ஈர்ப்பு சாதாரணமானதா என்ன?

ஆனாலும் என்னைக் கேட்டால் பாய்மரம்தான். அமைதிக்காக இல்லை. ஏதாவது உடைந்தால், அதைச் சரிசெய்ய அது கொஞ்சம் நேரம் கொடுக்கிறது.