பதினாறு காசுச் சொபா

டோக்கியோவின் மேற்கே கராசுயாமாவில் பௌத்த மடங்கள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்று உண்டு. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரின் நடுவிலிருந்து பெயர்ந்து வந்த மடங்கள் அவை. அவற்றில் ஷோஓ-இன் என்ற மடத்து வாசலில் ஒரு கல் நிற்கிறது. வளாகத்துக்குள் சொபா கூடாது, அதைச் செய்வது மடத்தின் ஒழுங்கைக் குலைக்கிறது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய சொபாக் கடைகளைப் பற்றி என்னிடம் விசாரித்தால், முதலில் இந்தக் கல்லிடம்தான் கூட்டிப் போவேன்.

அந்த மடம் முன்பு அசாகுசாவில் இருந்தது. வளாகத்துக்குள்ளேயே தோகோ-அன் என்றொரு கிளை மடம். அங்கிருந்த துறவிக்குச் சொபா செய்வதில் அப்படியொரு கைவாகு. கும்பிட வந்தவர்களுக்கு விருந்தாகக் கொடுத்தது போய், சொபாவுக்காகவே ஊர் திரண்டு வர ஆரம்பித்தது. தலைமை மடம் பொறுத்துப் பார்த்து, 1786இல் வாசலில் கல்லை நட்டுவிட்டது. தோகோ-அன்னின் பெயரை நினைத்துத்தான் பல சொபாக் கடைகள் தங்கள் பெயரின் கடைசியில் 'அன்' சேர்த்துக்கொண்டன என்பார்கள். நட்சத்திரம் கொடுக்க ஆள் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே, ஒரு நூடுல்ஸுக்காக ஜனங்கள் மடத்து வாசலில் முட்டி மோதியிருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு இன்றைய விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சொபா பிடிபடாது என்பது என் எண்ணம்.

சொபா என்பது பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். வடநாட்டில் நவராத்திரி விரதத்துக்குக் 'குட்டு' மாவு என்று தின்பார்களே, அதே தானியம். பெயரில் கோதுமை ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோதுமைக்கும் அதற்கும் உறவில்லை. புல் இனமே இல்லை. முக்கோண விதை, வெள்ளைப் பூ, சத்தில்லாத மலைமண்ணிலும் இரண்டரை மாதத்தில் விளைந்துவிடும். அதனால்தான் இது பஞ்சகாலப் பயிர். 722இல், மழை பொய்த்த ஆண்டில், கென்ஷோ பேரரசி இதைப் பயிரிட்டுச் சேமித்து வைக்கும்படி ஆணையிட்டதாக அரச வரலாற்று நூலில் பதிவு இருக்கிறது. நெல் விளையாத இடத்து ஏழைகளின் தானியமாகவே அது நெடுங்காலம் இருந்தது. மாவைக் கொதிநீரில் கிளறிக் களியாகத் தின்றார்கள். நூலாக அறுத்துத் தின்றதற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று 1574ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிசோ மலைப்பகுதியின் ஜோஷோ-ஜி மடத்தில் திருப்பணி நடந்தபோது வேலையாட்களுக்குச் சொபா விருந்து வைத்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆக, எழுத்தில் முதலில் தெரியவருகிற சொபா, கூலிக்கு உழைத்தவர்கள் தின்ற சொபா.

இன்றைய டோக்கியோவான எடோ நகரமும் அப்படித்தான் அதைத் தின்றது. 1657இன் பெருந்தீயில் நகரத்தில் பாதிக்குமேல் சாம்பலானது. திரும்பக் கட்டுவதற்குத் தச்சர்களும் கூலிகளும் நாலா பக்கமிருந்தும் வந்து குவிந்தார்கள். பெரும்பாலும் தனிக்கட்டை ஆண்கள், சமைக்க ஆளில்லாதவர்கள். தெருவில் நின்றபடியே வயிற்றை நிரப்ப வேண்டிய கூட்டம். அடுப்பைத் தோளில் சுமந்து சொபா விற்கிறவர்கள் பெருகியதில், மறுபடி தீப்பிடிக்குமே என்று அரசு பயந்தது. நெருப்பை எடுத்துக்கொண்டு அலையும் வியாபாரத்துக்கு 1686இல் தடை போட்டது. தடை நிற்கவில்லை, சொபாதான் நின்றது. 1860இல் எடோவில் 3,763 சொபாக் கடைகள் என்று ஒரு கணக்கு உண்டு. இரவில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஒரு கிண்ணம் பதினாறு மோன். மோன் என்பது நடுவில் ஓட்டையுள்ள செப்புக்காசு. நெடுங்காலம் இந்த விலை மாறவே இல்லை, அதனால் அது கதையிலும் ஏறிவிட்டது. ராகுகோ கதைசொல்லிகள் இன்றும் மேடையில் சொல்லும் 'தோகி சொபா'வில், ஒருவன் நள்ளிரவில் சொபா தின்றுவிட்டு, கடைக்காரரின் உள்ளங்கையில் காசை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறான். எட்டு வரை எண்ணிவிட்டு, "ஐயா, இப்போ மணி என்ன?" என்கிறான். "ஒன்பதுங்க." "பத்து, பதினொன்று..." என்று தொடர்ந்து எண்ணி, ஒரு காசை மிச்சம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். வேடிக்கை பார்த்த இன்னொருவன் மறுநாள் அதையே செய்யப் போய், அவசரத்தில் முன்னதாகவே வந்துவிடுகிறான். அக்கால மணிக்கணக்கில் அது நான்காம் மணி. மறுபடி ஐந்திலிருந்து எண்ணி, கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டுப் போகிறான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஏமாற்று அல்ல. முதல் ஆள் காசு கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரை நிறுத்தி நிதானமாகப் பாராட்டுகிறான்: கிண்ணம் நன்றாயிருக்கிறது, சாறு மணக்கிறது, நூல் மெல்லிசாக இருக்கிறது என்று. தெருவோரத்தில், இருட்டில், பதினாறு காசுக்கு வாங்கித் தின்ற சோற்றுக்கு இவ்வளவு நுணுக்கமான விமர்சனம். எடோக்காரர்களின் நாக்கு அப்படிப் பழகியிருந்தது.

அந்த நகரத்தில் தீட்டிய வெள்ளை அரிசி தின்றவர்களுக்குக் கால் வீங்கி மரத்துப்போகும் நோய் வந்தது. ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும். 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர், நாம் பெரிபெரி என்கிறோம். சொபா தின்றால் அது அண்டாது என்ற நம்பிக்கை ஜனங்களிடம் இருந்தது. 1910இல் சுசுகி உமெதாரோ தவிட்டிலிருந்து அந்த நோயைத் தடுக்கும் சத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. இன்று நாம் பி1 வைட்டமின் என்பது அதைத்தான், சொபாவில் அது நிறைய உண்டு. தண்ணீரில் கரையும் சத்து என்பதால் வேகவைத்த நீருக்கும் கொஞ்சம் போய்விடும். சாப்பிட்டு முடித்ததும் அந்த நீரைத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் இன்றும் பெரும்பாலான கடைகளில் இருக்கிறது.

தொட்டுக்கொள்ளும் சாறு, நம் தெற்குக் கடற்கரையில் மாசி என்கிறோமே, அதன் நெருங்கிய உறவான சூரைக் கருவாட்டைச் சீவிக் கொதிக்கவிட்டு, ஊறவைத்த சோயாக் குழம்போடு கலந்தது. மரக்கறிக்காரர்கள் சாற்றுக்குப் பதிலாக உப்பு கேட்டால் சில கடைகளில் தருவார்கள்.

பழைய சொபாக் கடை வீடுகள் மூன்று வழியில் வந்தவை. சுனாபா ஒசாகாவிலிருந்து வந்தது. சராஷினா 1789இல் அசாபுவில், ஷினானோ நாட்டுத் துணி வியாபாரக் குடும்பம் ஒன்று தொடங்கியது. விதையின் நடுப்பகுதி மாவை மட்டும் எடுத்துச் செய்யும் வெள்ளைவெளேர் நூல் அவர்களுடையது. மூன்றாவது யாபு, கான்தாவில் 1880இல் ஹொத்தா ஷிசிபே தொடங்கிய கடை அந்த வழியின் தலைவீடு. அங்கே கல்லாவில் உட்காரும் அம்மாள் ஒவ்வொரு ஆர்டரையும் ராகம் இழுத்து அடுக்களைக்குப் பாடுவார். 2013 பிப்ரவரியில் அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் புதுக் கட்டடத்தில் கடையும் திறந்தது, பாட்டும் திரும்பியது.

ஆனால் இந்த மூன்று வீடுகள் மட்டும் இன்றைய உயர்தரச் சொபாவைக் கொண்டுவந்துவிடவில்லை. நடுவில் ஒரு பெரிய உடைப்பு இருக்கிறது. 1883இல் சாகாவைச் சேர்ந்த மசாகி தெருசாதோ நூடுல்ஸ் இயந்திரம் செய்தார். கடைகள் அதை வாங்கின. பிறகு போர், ரேஷன், கோதுமை மாவுப் பெருக்கு. எட்டுப் பங்கு சொபா மாவுக்கு இரண்டு பங்கு கோதுமை என்பது எடோ வழக்கம். இன்றோ, காயவைக்காத நூடுல்ஸில் சொபா மாவு 30 சதவீதம் இருந்தாலே அதைச் சொபா என்று விற்கலாம். தானியத்தில் பெரும்பங்கு சீனா போன்ற வெளிநாடுகளிலிருந்து வருகிறது. ரயில் நிலையத்தில் நின்றபடி நாலு நிமிஷத்தில் சாப்பிடும் சொபா அதுதான். அதையும் நான் விரும்பித் தின்கிறேன். ஆனால் கைவேலை கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது.

அதை மீட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கதகுரா யாசுவோ. 1926இல் ஷின்ஜுகுவில் இஸ்ஸா-அன் என்ற கடையைத் தொடங்கினார். பரம்பரைக் கடைக்காரர் அல்ல, தானே கற்றுக்கொண்டவர். கற்றதை மூடி வைக்காமல் வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்கு இந்த ஒரு காரணமே போதும். அவரிடம் கற்ற தகாஹாஷி குனிஹிரோ 1975இல் டோக்கியோவில் 'ஒகினா' என்ற கடையைத் திறந்தார். கூட்டம் அலைமோதிய நேரத்திலேயே 1980களில் கடையை யாத்சுகதாகே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய், கல் இயந்திரத்தில் தானே மாவரைத்தார். மலைக்கும் ஆட்கள் தேடிப் போனார்கள். இன்று நாடெங்கும் நல்ல கைச்சொபாக் கடை எதில் நுழைந்தாலும், ஆசான் யார் என்று விசாரித்தால் பல இடங்களில் இந்த வழியில்தான் போய் முட்டும்.

கைவேலை என்றால் என்ன என்பதை, எங்கள் பகுதிக் கடையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். பசை இல்லாத மாவு இது. தண்ணீரை மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றி, விரல் நுனிகளால் சுழற்றிச் சுழற்றிக் கலக்கிறார்கள். அன்றைய ஈரக்காற்றைப் பார்த்து நீரின் அளவை மாற்றுவார்கள். வட்டமாகத் தட்டியதை உருட்டுக்கட்டையில் சுற்றிச் சதுரமாக்கி, மடித்து, மேலே ஒரு சிறு பலகையை வைக்கிறார்கள். கனமான கத்தி பலகையின் ஓரத்தை ஒட்டி இறங்கும். வெட்டியதும் கத்தியை ஒரு இம்மி சாய்ப்பார்கள். அந்தச் சாய்வு பலகையைப் பின்னுக்குத் தள்ளும், தள்ளிய அளவுதான் அடுத்த நூலின் அகலம். மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் 23 நூல் என்பது எடோவின் கணக்கு, நூலொன்றுக்கு 1.3 மில்லிமீட்டர். அளவுகோல் கிடையாது, மணிக்கட்டுதான். பிறகு கொதிநீரில் ஒரு நிமிஷம், உடனே பனிநீர்.

ரியோகோகுவின் ஹொசொகாவா, ஜிங்குமாயேயின் தமவராய் போன்ற நட்சத்திரம் வாங்கிய கடைகளில் சொபாவுக்கு முன்னால் சாக்கேயும் சுட்ட சொபா மிசோவும் முட்டைச் சுருளும் வரும். இதுவும் எடோ வழக்கமே. நூல் அறுத்து வரும்வரை குடித்துக் காத்திருந்தவர்களின் பழக்கம். கடைசியில் மூங்கில் தட்டில் வருகிற சொபாவில் அலங்காரம் எதுவும் இருக்காது. அதில் பணம் வாங்குவது அன்று அரைத்த மாவுக்கும் அந்த மணிக்கட்டுக்கும்தான். பழைய கூலிக்காரனுக்குப் பதினாறு காசுக்குக் கிடைத்த உழைப்பு, இன்று அரிதாகிவிட்டதால் விலை ஏறியிருக்கிறது. அப்படியும் பழைய வீடுகள் பலவற்றில் ஒரு தட்டு வெறும் சொபாவைச் சாதாரணச் சம்பளக்காரர் தயங்காமல் கேட்டு வாங்கலாம். அந்த வீடுகள்மேல் எனக்குத் தனி நன்றி உண்டு.

போகிறவர்கள் இலையுதிர் காலத்தின் கடைசியில் போங்கள். புது அறுவடை வந்துவிட்டது என்று கடை வாசலில் தாள் ஒட்டியிருக்கும். பகல் பன்னிரண்டுக்கு முன்னாலேயே போய்விடுங்கள். அன்று பிசைந்த மாவு தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள்.